ஆணி அடித்த குட்டை மட்டை

சகாதேவன் எனக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் பாக்கி. அவன் பெண்சாதி ஆதிலட்சுமிக்கு நான் செய்துகொடுத்த இட்லி வண்டிக்கு வரவேண்டிய மீதிப் பணம். கார்த்திகை தீபத்துக்குள் வராவிட்டால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். வெல்டிங் ராடைப் பிடித்தே செங்கம் ரோட்டில் மூன்று மாடி எழுப்பியவன். பாக்கியையெல்லாம் விட்டுக்கொடுத்திருந்தால் அஸ்திவாரத்தோடு நின்றிருக்கும்.

சகாதேவன் அடி அண்ணாமலை ஊர்க்காரன். ஷேர் ஆட்டோ ஓட்டிப் பார்த்தான், கட்டுப்படியாகவில்லை. பிறகு ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட்டில் சேர்ந்தான். அங்கே ஒன்பது குழி வைத்த கோல்ஃப் மைதானம் இருக்கிறது. புல் வெட்டுவதும், ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைச் சுமப்பதும் வேலை. நிலக்கடலை பொறுக்கிப் பழகிய கண், தொலைந்த பந்தெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். பார்த்துப் பார்த்தே ஆட்டத்தையும் பிடித்துக்கொண்டான். ஒரு முதலாளி பழைய மட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐப்பசியில் வேலைக்காரர்களுக்கென்று போட்டி வைத்தார்கள். முதல் பரிசு இருபத்தைந்தாயிரம். பை டிராலியை இழுக்க ஆதிலட்சுமி போனாள். என் பணம் அங்கே ஓடுகிறது, நான் போகாமல் இருப்பேனா?

குறைந்த அடியில் பந்தைக் குழிகளில் போட்டு முடிப்பவனுக்குத்தான் ஜெயம். ஏழு குழி முடிந்தபோது மற்றவர்களைவிட அவனுக்கு இரண்டு அடி குறைவு. அப்போது டிராலிச் சக்கரத்தின் ஆணி வெளியே வந்தது. ஆதிலட்சுமி பையிலிருந்து, குழிக்குள் பந்தைத் தள்ளுகிற குட்டை மட்டையை உருவினாள். அதன் தலையால் ஆணியை நாலு போடு போட்டாள். ஆணி உள்ளே போனது. மட்டையின் தலை தனியாக வந்துவிட்டது.

"இன்னாடி பண்ண?" என்றான் சகாதேவன்.

"சக்கரம் கழண்டு ஓடிட்டா பையை நீ தூக்கிப்பியா?"

நான் அவன் காதோடு சொன்னேன். "ஆடும்போது கல்லுல பட்டு உடைஞ்சிச்சுனு சொல்லுடா."

சென்னையிலிருந்து வந்த நடுவரம்மா எப்படி உடைந்தது என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் ஆதிலட்சுமி முந்திக்கொண்டாள்.

"நாந்தாம்மா, ஆணி அடிச்சேன். இரும்பே சரியில்லம்மா இது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவரம்மாவும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்.

"ஆட்டத்துல உடைஞ்சிருந்தா சரி பண்ணிக்கலாம், வேற மட்டைகூட எடுத்துக்கலாம். சுத்தியலா வெச்சு அடிச்சு உடைச்சா ரெண்டும் கூடாது. பை இழுக்கறவங்க பண்ணாலும் ஆட்டக்காரர் கணக்குதான். மிச்சம் இருக்கறத வெச்சு ஆடுங்க."

"அம்மா, எம் பட்டறை கிட்டத்துலதான். அஞ்சு நிமிஷத்துல ஒட்டி எடுத்தாறேன். நான் வெச்ச வெல்டிங் லாரி சேசிஸ்லயே நிக்குது!"

"உங்க கை நல்ல கைதான், பெரியவரே. ஆனா விதி வுடாது."

மிச்சம் இருந்த இரும்பு மட்டையின் விளிம்பாலேயே சகாதேவன் பந்தைத் தள்ளினான். எட்டாவது குழியில் ஓர் அடி ஜாஸ்தி. ஒன்பதாவதில் பந்து குழியின் உதட்டைச் சுற்றிவிட்டு இரண்டு முறை வெளியே நின்றது. ஓர் அடியில் போட்டி போயிற்று. இரண்டாம் பரிசு பத்தாயிரம்.

"ஏய்யா, நான் பொய் சொல்லியிருக்கணுமா?" என்றாள் ஆதிலட்சுமி.

"வுடு. சக்கரம் கழண்டிருந்தா பையைச் சுமந்தே தோத்திருப்பேன்."

நான் நடுவில் புகுந்தேன். "அதெல்லாம் இருக்கட்டும்மா. மீதி அஞ்சு?"

"பௌர்ணமி வருது இல்லண்ணா? அதுவரைக்கும் வண்டி மேல கைய வெக்காதீங்க."

அந்தப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டம் அவள் வண்டியை மொய்த்தது. நான் போட்ட அச்சு, அசையவில்லை. மறுநாள் காலை இரண்டு பேரும் பட்டறைக்கு வந்தார்கள். நான் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை விரித்தேன். சகாதேவன் பரிசுப் பணத்தை ஐந்நூறு ஐந்நூறாக வைத்தான். அதன்மேல் ஆதிலட்சுமி, மாவு ஒட்டிய பத்தும் இருபதுமாக, வாய்விட்டு எண்ணி எண்ணி வைத்தாள்.