மோட்டைக்குத் திரும்பிய குசினிச் சுவர்

ஒட்டுசுட்டான் பக்கத்தில் நாங்கள் இருந்த குடியேற்றத்தில், கோடை முழுக்கத் தண்ணீர் நின்ற மோட்டை என் வீட்டு வளவில் மட்டும்தான் இருந்தது. மோட்டை என்றால் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் சின்னக் குட்டை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், கயிறும் தடியும் வைத்து அளந்து வெட்டியது அது. பெருமைக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் முதல் தரம் வெட்டியபோது நடந்ததை மறைத்தால் என் மனைவி இந்தக் கொப்பியை அடுப்பில் வைத்துவிடுவாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போனோம். குடிக்கப் பொதுக் கிணறு இருந்தது. உடுப்புத் தோய்க்க, சட்டி பானை கழுவ, கத்தரிக்கு ஊற்ற அரை மைல் நடந்து குளத்துக்குப் போகவேண்டும். வளவில் பழைய மோட்டை ஒன்று இருந்தது. பங்குனி பிறந்தால் அதில் சேறுதான். வீட்டுக் கிணற்றடியில் வளர்ந்தவள் என் மனைவி. இரண்டு கோடை பொறுத்தாள். மூன்றாம் கோடையில் ஒருநாள் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இஞ்சருங்கோ, வாற வருசம் ஆடிக்கு அண்ணையை வரச்சொல்லி எழுதிப்போட்டன். அண்டைக்கு வளவுக்குள்ளை தண்ணி நிண்டால் நானும் நிப்பன். இல்லாட்டி அவரோடை ஊருக்குப் போயிடுவன்.”

பகிடியாகச் சொல்லவில்லை.

“நீர் பாரும், உமக்கு நீந்தத் தண்ணி விடுறன்,” என்றேன்.

ஆவணியில் மோட்டை காய்ந்து வெடித்ததும் மண்வெட்டியோடு இறங்கினேன். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் போதாவிட்டால் கிணற்றை ஆழமாக்குவோம். எனக்குத் தெரிந்த விதி அது ஒன்றுதான். சேற்றுக்குக் கீழே சாம்பல் நிறக் களி, சவர்க்காரக் கட்டி போல வந்தது. அவ்வளவையும் அள்ளி, சமைக்கிற குசினிக்கு இடுப்பளவு சுவர் வைத்தேன். ஒரு வேலையில் இரண்டு வேலை பார்க்கிறவன் நான். அவள் அதைச் சாணத்தால் மெழுகி அழகாக்கினாள். களிக்குக் கீழே சிவப்புக் கிறவல், பருக்கைக் கல் கலந்த மண், தெரிந்தது. அதையும் இரண்டு முழம் வெட்டினேன்.

எருமைப் பட்டி வைத்திருந்த முஸ்லிம் அயலவர் வேலியால் எட்டிப் பார்த்தார். அண்ணன் முறைக்கு நாங்கள் அவரை நானா என்போம்.

“தம்பி, களியோடை நிப்பாட்டியிருக்க வேணும். கிறவல் தண்ணி தாங்காது.”

“நானா, கிணறு வெட்டுற ஊரிலையிருந்து வந்தவனுக்கே சொல்லுறீங்கள்?”

“சரி, வெட்டுங்கோ. மழை வந்து சொல்லட்டும்.”

ஐப்பசியில் ஒரு பின்னேரம் மழை அடித்து ஊற்றியது. மோட்டை விளிம்புவரை நிரம்பியது. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். காலையில் பார்த்தால் முழங்காலளவும் இல்லை. மத்தியானம் தவளைகள் வெறும் கிறவலில் இருந்து என்னைப் பார்த்தன. அடுத்த மழைக்கும் அதே கதை.

“பழைய மோட்டை பங்குனி மட்டுமெண்டாலும் நிண்டது,” என்றாள் அவள். “நீங்கள் அதையும் ஓட்டையாக்கிப் போட்டியள்.”

எவர் வாசலிலும் போய் நின்று பழகாத நான் நானாவிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை, கொஞ்சம் சிரித்தார்.

“களியைத் திருப்பிப் போடுங்கோ. புத்துமண்ணும் சேருங்கோ. என்ரை எருமையளை இறக்கி மிதிக்க விடுவம். வெட்டின களி எங்கை?”

நான் குசினிப் பக்கம் பார்த்தேன். அவள் ஆசையாய் மெழுகிய சுவர். இடிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் காட்டோரத்துக் கறையான் புற்றுகளை வெட்டிச் சுமந்தேன். அந்த மண் போதவில்லை. மூன்றாம் நாள் காலை, மண்வெட்டிச் சத்தம் கேட்டு ஓடிப்போனால், அவளே சுவரைக் கொத்திக்கொண்டு நிற்கிறாள்.

“என்னப்பா செய்யிறீர்?”

“சுவர் பிறகும் வைக்கலாம். கடகத்தை எடுங்கோ, களியை அள்ளுவம்.”

போகப் போகிறவள் சுவரை இடிக்க மாட்டாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருந்தது.

களி எல்லாம் மோட்டைக்குத் திரும்பியது. பன்னிரண்டு எருமைகள் சுற்றிச் சுற்றி மிதித்தன. நானும் இறங்கி மிதித்தேன்.

“தம்பி, வழி விடுங்கோ! அதுகள் உங்களிலும் பார்க்க வடிவா மிதிக்குதுகள்,” என்று நானா கரையிலிருந்து கத்தினார்.

அந்த மாரி மழை முழுக்கக் குசினிக்குத் தென்னோலைக் கிடுகுதான் மறைப்பு. ஆனால் தண்ணீர் நின்றது. அதன்பிறகு நான் அதைப் பார்த்தது போல ஒருவரும் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டார்கள். விடிந்ததும் பழைய கடகத்தால் சருகு அரிப்பேன். பாலைமரக் குற்றியில் படி வைத்தேன். மாடு இறங்காமல் வேலி போட்டு, வாளியில் அள்ளி அதை வெளியே குளிப்பாட்டினேன். பாசி இழுப்பது அவள் வேலை. நான் இழுத்தால் களியையும் சேர்த்து இழுத்துவிடுவேனாம்.

ஆடியில் அவளுடைய அண்ணர் பஸ்ஸால் இறங்கி வந்தார். அவள் படியில் நின்று சோற்றுப்பானை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இடுப்பளவு.

“மச்சான், பாத்தீங்களே? தனி ஆளாய் வெட்டினது!” என்று நான் முந்திக்கொண்டேன்.

“வெட்டினதும் இவர்தான், ஓட்டையாக்கினதும் இவர்தான்,” என்றாள் அவள்.

“அது கிடக்கட்டும். பெட்டி கட்டியாச்சோ, தங்கச்சி? நாளைக்குக் காலமை பஸ்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

“நான் வந்தால் பாசியை ஆர் இழுக்கிறது, அண்ணை? நீங்கள் காலைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ. உள்ளுக்கு இறங்காதேங்கோ, கலங்கும்.”

மறுநாள் அண்ணர் தனியாகத்தான் பஸ் ஏறினார். அவர் வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல், மோட்டைத் தண்ணீரில் காய்த்த ஒரு சாக்குக் கத்தரிக்காயை அவர் மடியில் ஏற்றிவிட்டேன். ஊரில் எல்லாருக்கும் காட்டட்டும் என்று.