அமாவாசையன்று ஜானாய் ஏறிய பேருந்து

வாக்தரேயின் மக்கள்தொகை அரசுக் கணக்கில் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஊரில் உண்மையாக உலை வைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருநூற்று முப்பத்தொரு பேர். மற்றவர்கள் மும்பையிலும் புணேயிலும் இருக்கிறார்கள். ஊராட்சியில் முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவன் என்பதால் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். டிப்போக்காரர்கள் முதல் எண்ணைப் பார்த்துத்தான் சோதனைக்கு ஒரு பேருந்து விட்டார்கள். அதில் தினமும் ஏறியது ஏழெட்டுப் பேர்.

அவர்களில் ஒருத்தி முட்டை விற்கும் ஹௌசாபாய். சிரிக்க ஆரம்பித்தால் உட்கார இடம் தேடுவாள். அவள் மகள் சாயலிக்குத் தாலுகா ஊரில் பதினோராம் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. ஹௌசாபாயின் கணவன் மும்பையில் மூட்டை தூக்குகிறான். வீட்டில் முடிவு சொல்பவர் அவன் அண்ணன் ஆனந்தா.

"பஸ் நின்னா படிப்பும் நின்னுச்சு. ஜீப்புல தொங்கிக்கிட்டெல்லாம் பொண்ணு போக வேணாம். மாப்பிள்ளை பாத்துடலாம்" என்று அவர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் மாலை நடத்துநர் கதம் ஹௌசாபாயிடம் மெல்லச் சொன்னான்: "தாயி, நாளைக்கு டிப்போ சாஹேப் தலை எண்ண வர்றாரு. முப்பது பேர் இல்லேன்னா வண்டி அவ்வளவுதான்."

"நாளைக்கு அமாவாசைடா."

"அது அவருக்குத் தெரியவா போகுது?"

அமாவாசையன்று எங்கள் ஊரில் யாரும் எல்லை தாண்ட மாட்டார்கள். ஹௌசாபாய் வீடுவீடாகப் போனாள். "மறுநாள் ரெண்டு தடவை வேணா ஏறுறேன்" என்றார்கள். கடைசியில் ஜானாய் தேவியின் கோயிலுக்கு வந்தாள். நான் பூசாரி பண்டாவோடு கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"பண்டா, தேவி தாலுகா ஊர் ஆத்துல குளிச்சு எத்தனை வருஷமாச்சு?"

"பல்லக்குத் தூக்குற பசங்க எல்லாம் புணேல பீட்சா தூக்குறானுங்க. நான் என்ன செய்ய?"

"பஸ்ல போகட்டுமே. அமாவாசைக் குளியல். கேட்டுப் பாரு."

தேவியைக் கேட்க ஒரு முறை உண்டு. நனைத்த பூவைச் சிலையின் இரண்டு தோளிலும் ஒட்டவேண்டும். வலப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். பண்டா ஒட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஹௌசாபாய் முந்தானையை உதறிச் செருகினாள். வலப் பூ விழுந்தது. நடந்த வரிசை இதுதான்; அதற்கு மேல் நான் எழுதுவதற்கில்லை.

"காத்தடிச்ச மாதிரி இருந்துச்சே" என்றார் பண்டா.

"தேவி பெருமூச்சு விட்டிருப்பா. எத்தனை வருஷமா குளிக்கல."

தேவி புறப்பட்டால் ஊர் வீட்டில் இருக்க முடியாது. காலையில் பேருந்து வந்ததும் தேவிக்கு இடம் பிடிக்க ஜன்னல் வழியாக ஒன்பது துண்டுகள் விழுந்தன. தேவி வெளியே போகும்போது சிலைக்குப் பதிலாக எடுத்துச்செல்லும் வெள்ளி முகத்தை மடியில் வைத்துப் பண்டா உட்கார்ந்தார். மேளம் ஏறியது. எல்லாரும் மஞ்சள் பொடியை வாரி இறைத்தார்கள். ஆனந்தா படிக்கட்டிலேயே ஆடினார். தலை எண்ண வந்த சாஹேப் மீசைவரை மஞ்சளாகி நின்றார்.

"இந்த வெள்ளி முகத்துக்கு டிக்கெட்?" என்றார்.

"பொம்பளைங்களுக்குப் பாதி சாஹேப்" என்றான் கதம்.

"எழுபத்தஞ்சு தாண்டினா டிக்கெட்டே இல்லையே. இவளுக்கு எழுநூறு இருக்கும்" என்றாள் ஹௌசாபாய்.

"வயசுக்கு அத்தாட்சி?"

பேருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது. "பிறப்புப் பதிவேட்டுல இவங்க பேர் இல்ல. அது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பிறந்துட்டாங்க" என்றேன். அது உண்மை.

மலையேற்றத்தில் பாரம் தாங்காமல் வண்டி நின்றது. தேவியும் பண்டாவும் தவிர அனைவரும் இறங்கித் தள்ளினோம். சாஹேபும் தள்ளினார். மேளம் நிற்கவில்லை.

"தினமும் இவ்வளவு கூட்டமா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"இன்னிக்கு அமாவாசை, கூட்டம் கம்மி சாஹேப்" என்றாள் ஹௌசாபாய். சொன்னவள் சிரிக்க இடம் தேடி மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

பேருந்து நிலைத்தது. அடுத்த திங்கட்கிழமை ஆனந்தா ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுச் சாயலிக்கு இடம் பிடித்தார். உள்ளே மொத்தம் ஐந்து பேர் இருந்தார்கள்.