இரண்டாம் கொப்பி

போன சனிக்கிழமை பாரிஸின் லூயி-பிளாங் தெருவில் ஒரு பழைய சாமான் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். காலடியில் நனைந்த அட்டைப்பெட்டி. அந்த ஈர அட்டை வாசத்துக்கு நடுவே பழைய அமெரிக்கப் படமொன்றின் டிவிடி உறை கிடந்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு பெண் கதவைப் பார்த்தபடி நிற்கிறாள். இவளால் நான் பொய் சொன்ன கதையை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2009 கோடை. நானும் நேசனும் லா சப்பலில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். அறையில் எப்போதும் கொத்துரொட்டி மணம். எங்கள் சட்டைகளில்தான் அது குடியிருந்தது. நேசனின் மனைவி சுகந்தி வன்னியில் அகப்பட்டிருந்தாள். யுத்தம் முடிந்த பிறகு அவள் எந்த முகாமில் என்று சொல்ல ஆளில்லை. இருக்கிறாளா என்று சொல்லவும் ஆளில்லை. தொலைபேசி அட்டைகளைச் சுரண்டியே அவன் நகம் தேய்ந்தது.

பிரெஞ்சு பழகலாமென்று, பிரெஞ்சில் குரல் மாற்றிய அந்தப் படத்தை நான்தான் வாங்கி வந்தேன். பெரிய நாவலொன்றைப் படமாக்கியதாம். புருஷன் போருக்குப் போகிறான், கடிதம் நின்றுபோகிறது, மனைவி காத்திருக்கிறாள். வாங்கும்போது இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நிறுத்தவா என்று நேசனிடம் கேட்டேன். வேண்டாம் என்றான். கடைசியில் யாரோ தட்ட, அவள் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறாள். வந்தவரைக் காட்டவில்லை. இசை உயர்ந்தது, திரை கறுத்தது.

“இடைவேளை. மற்றக் கொப்பியைப் போடுங்கோ அண்ணை,” என்றான் நேசன்.

சிரிக்காதீர்கள். அப்போது எங்கள் கடைகளில் தமிழ்ப்படம் இரண்டு தட்டாகத்தான் வரும். ஒவ்வொரு தட்டையும் ‘கொப்பி’ என்போம். கதவு தட்டும் நேரம் பார்த்து இடைவேளை விடுவதும் நம் வழக்கம்தானே? மறுநாள் நான் கடைக்குப் போய், மிச்சப் பாதி எங்கே என்று சண்டையே பிடித்தேன். படம் அவ்வளவுதான், மேலே தெரிய வேண்டுமானால் நாவலைப் படி என்றார் கடைக்காரர்.

எனக்கும் ஆவல் பிடித்துவிட்டது. நூலகத்தில் நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை எடுத்து, அகராதியும் கையுமாகக் கடைசி அத்தியாயத்தை மட்டும் நான்கு நாள் படித்தேன். நாவல் கதவோடு நிற்கவில்லை. வந்தது பக்கத்துப் பண்ணைக்காரர். அவர் கையில் புருஷனின் கைக்கடிகாரம் மட்டும் இருந்தது.

அன்றிரவு நான் அறைக்குத் திரும்பியபோது நேசன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“ஆர் அண்ணை வந்தது?”

“புருசன்தான்.”

“முழுசாய் வந்தவனோ?”

“ஓம். கால் மட்டும் கொஞ்சம் நொண்டி.”

நம்பும்படி இருக்கட்டுமென்று நொண்டியை நானாகச் சேர்த்தேன். என் கற்பனை வளம் அவ்வளவுதான்.

பிறகு அவனுக்கு ஒபர்வில்லியேயில் களஞ்சிய வேலை கிடைத்தது. பல வருடம் கழித்து லெ பிளாங்-மெனிலில் ஒரு கலியாண வீட்டில் கண்டேன். தனியாக வந்திருந்தான். சுகந்தியைப் பற்றிக் கேட்காமல் சுற்றி வளைத்தேன்.

“இன்னும் ஒரு தகவலும் இல்லை,” என்று அவனே சொன்னான். “இப்ப எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வரும் அண்ணை. அந்தப் புத்தகத்தை வாசிச்சனான்.”

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

“விடுங்கோ. அந்த வருசம் நான் ஒழுங்காய் நித்திரை கொண்டது நீங்கள் பொய் சொன்ன அந்த ஒரு கிழமைதான்.”

இரண்டு தட்டுப் படங்கள் போய்விட்டன. அந்தக் கடைகளில் இப்போது கைபேசி விற்கிறார்கள். முடிவு தெரியாமல் தூங்காத அந்த நேசனும் போய்விட்டான். அண்மையில் அவன் வீட்டில் ஒரு படம் பார்த்தோம். முக்கால்வாசியில் எழுந்து தேநீர் போடப் போய்விட்டான். படம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தான்.

“முடிவைச் சொல்லட்டோ?” என்றேன்.

“வேண்டாம் அண்ணை. அது அப்பிடியே இருக்கட்டும்.”