மடிப்பு மேஜையில் எட்டு மாதம்

ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசரம்மாவுக்கு நல்ல பெயர். பலதரப்பட்ட சனங்கள் வேலை பார்க்கும் இடம். யார் வழக்கத்திலும் அவள் மூக்கை நுழைக்கமாட்டாள். "அவங்கவங்களுக்கு அவங்கவங்க முறை. சரி தப்பு சொல்ல நாம யாரு?" என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், என்னவோ பரிசு வாங்கினவள் மாதிரி!

அங்கே மலைக்காரிகள் என்று எல்லோரும் கூப்பிடும் பத்துப் பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தியை நெட்டை என்பார்கள். அடித்த அண்ணன்மேல் அவள் போலீசில் புகார் கொடுத்துவிட்டாள். வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோனதற்கு மலைக்காரிகள் வழக்கப்படி தண்டனை, ஒரு வருஷம் அவளோடு யாரும் பேசக்கூடாது.

'அடிச்சவன் கையை வீசிக்கிட்டுத் திரியறான், அடிபட்டவளுக்குத் தண்டனையா?' என்று சூப்பர்வைசரம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டாளா? மற்றவர்களையும் கூப்பிட்டு, "அது அவங்க வழக்கம், மரியாதை கொடுங்க. நெட்டைகிட்ட யாரும் பேச்சுக் கொடுக்காதீங்க" என்று சொல்லிவைத்தாள். நெட்டைக்கான வேலை விவரத்தைச் சீட்டில் எழுதிக் கூடையில் ஒட்டினாள்.

படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு ஆள் வேண்டும். மலைக்காரிகள் யாரும் வராததால் சூப்பர்வைசரம்மாவே எதிரில் நின்றாள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். விரல்கள் படும், முகமும் கிட்டத்தில் வந்துவிடும். முதலில் நெட்டை பேசிப் பார்த்தாள். முட்டி வலியைச் சொன்னாள். ஒருநாள் ஜன்னலைப் பார்த்து, "மழை வருமாக்கா?" என்றாள். சூப்பர்வைசரம்மா விரிப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நெட்டை கேட்பதை விட்டுவிட்டாள்.

எட்டாவது மாதம் வேலைக்கு வருவதையும் விட்டுவிட்டாள். குடியிருந்த அறையும் காலி.

வருஷம் முடிந்த அன்று மலைக்காரிகளில் மூத்தவள் வந்தாள். "இன்னையோட முடிஞ்சுதும்மா. நெட்டையக் கூட்டிட்டுப் போகணும். எங்க போறேன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாளே?"

"என்கிட்டயா? நான் பேசவே இல்லையே. உங்க வழக்கத்துக்கு மரியாதை கொடுத்து..."

மூத்தவளுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயய்யோ! அது எங்களுக்குள்ளதானேம்மா. வெளியாளுங்க பேசுவாங்கங்கிற தைரியத்துலதான் நாங்க வாயை மூடுறோம். ஒருத்தர்கூடப் பேசலேன்னா மனுஷி தாங்குவாளா? தினமும் நீங்க அவ எதிர்ல நிக்கிறீங்க. மிஷின் சத்தத்துல எங்களுக்குக் கேக்கல, பேசிட்டிருக்கீங்கன்னு நிம்மதியா இருந்தோம். ஒரு வார்த்தை எங்களக் கேட்டிருக்கக்கூடாதா?"

"கேட்டாலே தப்போன்னு நினைச்சேன்."

மூத்தவள் தலையில் கை வைத்துக்கொண்டு போனாள். மூன்று ஊரில் தேடியும் நெட்டை கிடைக்கவில்லை.

சூப்பர்வைசரம்மா இன்றும் அதே மேஜையில்தான் நிற்கிறாள். எதிரில் வேறொருத்தி. இப்போது சூப்பர்வைசரம்மாதான் வாய் ஓயாமல் பேசுகிறாள். வானம் இருட்டினால் மட்டும் அந்த அரட்டை நின்றுவிடும். "அவங்க வழக்கம் என்னவா வேணா இருக்கட்டும்டி, ஒருத்தி அடிபட்டு வந்து நின்னா நாம பேசணும்" என்பாள், யாரும் கேட்காமலே. "மழை வரும்போலன்னு ஒரு வார்த்தை. அதச் சொல்ல எனக்கு என்ன கேடு?"