பக்கத்து வீட்டில் குளிரவில்லையாம்

ஓசூருக்குக் குடிவந்தபோது கிழக்குப் பார்த்த வாசல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். மேற்குப் பார்த்த வீடு ஒன்று இதே வாடகைக்கு, இதைவிட விசாலமாகக் கிடைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோவில்பட்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் காற்று என்றால் வராதா வராதா என்று விசிறியோடு காத்திருக்கிற ஒரு பொருள். இந்த ஊரில் மார்கழி வந்தால் கிழக்கிலிருந்து ஒரு காற்று கிளம்பும், அது கதவுக்கடியில் நுழைந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருந்தாலும் நான் சிரித்திருப்பேன்.

எங்களுடையது லைன் வீடு. வரிசையில் கடைசி வாசல். எல்லாக் கதவையும் ஒரே ஆசாரி ஒரே அவசரத்தில் செய்திருக்க வேண்டும். கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும். தாழ்ப்பாள் பக்கம் நிலைக்கும் கதவுக்கும் நடுவே தெருவிளக்கு தெரியும். பக்கத்து வீட்டுக் கதவும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டில் குளிரவில்லையாம். சொன்னது வேறு யாருமில்லை, என் மகள்.

பக்கத்து வீட்டில் இருந்தது பேரிகை என்கிற ஊர்க்காரக் குடும்பம். ஊரில் நிலம் இருக்கிறது. கணவர் தக்காளியும் கோஸும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கும் ஊருக்குமாக வண்டியில் அலைவார். மகன் பெங்களூரில் வேலை பார்த்தான். ஆகவே அந்த அம்மாள் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்தாள். வீட்டுக்குள் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நேரில் பார்த்தால் அக்கா, வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அவள், இவள்தான்.

எனக்கும் கணவருக்கும் வேறு வேறு கம்பெனி. எனக்கு பி ஷிப்ட் வருகிற வாரங்களில் மகள் பள்ளி வேனிலிருந்து இறங்கி அவள் வீட்டுக்குப் போவாள். கணவர் வேலை முடிந்து வந்து அழைத்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டை நானே கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். அப்போது அவள் தங்கமான மனுஷி. ஆனால் ஏ ஷிப்ட் வாரங்களில் நான் மகளுக்கு முன்பே வீட்டில் இருப்பேன். அந்த வாரங்களிலும் ரெண்டாம் வகுப்புக்காரி பையை மூலையில் வீசிவிட்டு, பால் மீசையைக்கூடத் துடைக்காமல் அங்கே ஓட ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் என் வயிறு எரியத் தொடங்கியது.

"எங்கட்டி ஓடுத? அம்மா கூட இருக்க மாட்டியா?"

"இங்க குளிருதும்மா. பெத்தம்மா வீட்ல குளிரல."

பெத்தம்மா என்றால் தெலுங்கில் பெரியம்மா. பிள்ளையை யார் அப்படிக் கூப்பிடச் சொன்னது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மாதம் சுமந்தவள் இங்கே விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அங்கே ஒரு பெரிய அம்மா முளைத்திருக்கிறாள்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போவேன். அவள் வாசலில் கனத்த திரை ஒன்று தொங்கும். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் படியேற மாட்டேன். தெருவில் நின்றே மகள் பெயரைச் சொல்லிக் கத்துவேன். அவள் திரையை விலக்கி, "சாப்ட்டாம்மா, சாப்ட்டா" என்பாள். என் அடுப்பில் வைத்தது அப்படியே இருக்கும். ஒரு நாள் மகள், "இன்னைக்கு இங்கயே தூங்கட்டா?" என்று கேட்டாள். நான் தூக்கிக்கொண்டு வந்த வேகத்தில் அவளுடைய ஒரு செருப்பு அங்கேயே விழுந்துவிட்டது. அதைக்கூடத் திரும்ப எடுக்கப் போகவில்லை. மறுநாள் காலை அது எங்கள் படியில், மண் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கும் எரிந்தது.

அன்று முடிவு செய்தேன். காற்றுதானே? அடைத்துவிட்டால் போச்சு. மகள் என் வீட்டில் இருப்பாள்.

"அந்தக்கா என்ன செஞ்சிருக்குன்னு போய்க் கேளேன். சொல்லாமயா போகும்?" என்றார் கணவர்.

"நான் போய்க் கேக்கணுமா? அவகிட்டயா?" என்றேன்.

முதலில் பழைய சேலையைச் சுருட்டிக் கதவடியில் வைத்தேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கூடவே நகர்ந்து வந்து காலைத் தடுக்கியது. பிறகு கணவரின் கிழிந்த ஜீன்ஸில் ஒரு காலை வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு முனையையும் தைத்துப் போட்டேன். அசையாமல் கிடந்தது. காற்றையும் நன்றாகவே தடுத்தது. ஆனால் காலையில் தூக்கக் கலக்கத்தில் அதை மிதித்த கணவர் போட்ட சத்தத்தில் லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. "ஏம்மா, பாம்பாம்மா?" என்று அவளும் ஓடிவந்தாள். கையில் தடி வேறு. ஜீன்ஸ் காலைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மகளும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு சேர்ந்து சிரித்தாள். அன்றே மணலை ரோஜாத் தொட்டியில் கொட்டினேன்.

சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கதவின் அடியில் ஆணியடித்தேன். இது தேவலை. தரையைத் தொட்டுக்கொண்டு வரும், போகும். ஆனால் கீழே அடைத்ததும் காற்று பக்கவாட்டில் வந்தது. அங்கேயும் அடிக்கலாம் என்று சுத்தியலை எடுத்தபோது வீட்டுச் சொந்தக்கார அம்மாள் வந்துவிட்டார். "கதவுல என்னமோ பண்ணிக்கோ. வெள்ளிக்கெழமையானா மஞ்சள் பூசிக் கும்புடற நெலையில ஆணி அடிப்பியா?" என்று பிடித்துக்கொண்டார். காகிதத்தை மடித்து மைதாப் பசையால் ஒட்டிப் பார்த்தேன். பசையைக் கரப்பான் தின்றது. காகிதத்தைக் காற்றே பிய்த்துப் போட்டது.

இதில் எனக்குப் பெரிய அவமானம் ஒன்று இருந்தது. நான் வேலை பார்ப்பதே வண்டிக் கதவுகள் செய்கிற கம்பெனியில். கதவைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் ஒன்று ஓடும், நாங்கள் அதை பீடிங் என்போம். வளைவில் மடியாமல் அதை அமுக்கி உட்கார வைப்பதுதான் என் வேலை. முடிந்ததும் ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்போம். உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று நுழையும் என்று அர்த்தம். பிடித்துக்கொண்டால் பாஸ். யார் யாரோ போகிற வண்டிகளுக்கெல்லாம் காற்றை அடைத்து அனுப்பிவிட்டு, என் வீட்டுக் காற்றுக்கு மைதா காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

பழைய இரும்புக் கடையில் பீடிங் எடைக்குக் கிடைக்கும். நொறுங்கிய வண்டிகளிலிருந்து உரித்துப் போட்டிருப்பார்கள். குவியலைக் கிளறி, இறுகாத, வெடிக்காத துண்டுகளாகப் பொறுக்கினேன். மறு ஞாயிற்றுக்கிழமை நிலையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, இருபக்க டேப் ஒட்டி, அதன் மேல் பீடிங்கை அமுக்கி உட்கார வைத்தேன். ஆணி ஒன்றுகூட இல்லை. மூலைகளில் நாற்பத்தைந்து டிகிரி வெட்டு. கணவர் டேப்பின் தோலை உரித்துக் கொடுத்தார். மகள் வேடிக்கை பார்த்தாள். அன்றைக்கு அவள் அங்கே போகவில்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

பிறகு கதவைச் சாத்தினோம். தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் தாழ்ப்பாள் விழுந்தது. மகளின் நோட்டிலிருந்து கிழித்த காகிதத்தை மேலே, நடுவில், கீழே என்று வைத்து வைத்து இழுத்தேன். ஓரிடத்திலும் வரவில்லை. கடைசியில் காகிதம்தான் கிழிந்தது. தெருவில் போன வண்டியின் சத்தம்கூடப் பஞ்சுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. ஊதுவத்தி கொளுத்திக் கதவோரம் பிடித்தேன். புகை ஆடாமல் நேராக ஏறியது. என் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் கைகொடுத்திருப்பார். இனிமேல் வா பார்க்கலாம் என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஏ ஷிப்ட் முடித்து வேகவேகமாக வீட்டுக்கு வந்தேன். கதவை இறுக்கச் சாத்தினேன். மகளுக்குப் பிடிக்கும் என்று சீயம் போட உட்கார்ந்தேன். குக்கரில் கடலைப்பருப்பு விசில் விட்டது. வெல்லம், தேங்காய், ஏலக்காய். வீடு கதகதவென்று இருந்தது. எண்ணெய் காய்ந்து, முதல் சீயம் சிவந்து வந்தபோதும் பிள்ளையைக் காணவில்லை. வேன் தாமதம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சுட்டு முடித்தேன். அதற்கப்புறம்தான் பயம் வந்தது. கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து தெருவுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டுப் படியில் என் மகளின் ஷூவும் பையும் இருந்தன.

எனக்கு வந்தது கோபமா பொறாமையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஏறியது. முதல் முறையாக அவள் படியில் ஏறினேன். கூப்பிடவில்லை. திரையைப் பிடித்து ஒதுக்கினேன்.

திரைக்குப் பின்னால் கதவு அகலத் திறந்து கிடந்தது. அதன் அடியில் எங்கள் கதவுக்கு இருந்த அதே இடுக்கு. ஒரு துணி இல்லை, ரப்பர் இல்லை, ஒன்றுமில்லை. என் முதுகைத் தாண்டிப் போன காற்றில் சாமி விளக்கு படபடவென்று ஆடியது. என் வீட்டைவிட இங்கே குளிர் அதிகம். அந்தக் குளிரில் சுவரில் சாய்ந்து, ஒரே கம்பளியைக் கால்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஊறவைத்த அவரைக்கொட்டை ஒரு குண்டானில். குழம்புக்காகத் தோலைப் பிதுக்கிப் பருப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் இரண்டு விரலால் அமுக்கினாள். பருப்பு துள்ளிப் போய் எதிர்ச் சுவரில் பட்டது. இருவரும் கெக்கெக்கென்று சிரித்தார்கள். மகளின் விரல்கள் பச்சைத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"ஏன்டி வீட்டுக்கு வரல?" என்றேன்.

"வந்தேன்ல? தள்ளித் தள்ளிப் பாத்தேன், தெறக்கவே இல்ல. அம்மான்னு கத்துனேன். உனக்குக் கேக்கல."

"ஆமாம்மா" என்றாள் அவள். "புள்ள பாவம், கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு அழுவற மாதிரி நின்னுச்சு. நீ இன்னும் கம்பெனிலருந்து வரலன்னு நெனச்சிக்கினேன்."

கம்பெனியில் காகிதம் இழுத்துப் பார்த்த பிறகு இன்னொரு சோதனை உண்டு. கதவைத் திறந்து மூட எவ்வளவு பலம் வேண்டும் என்று ஒரு கருவி வைத்து அளப்பார்கள். அதிகமாக இருந்தால் அந்தக் கதவு திரும்பி வந்துவிடும். அது அடுத்த ஸ்டேஷன் பெண்ணின் வேலை என்பதால் நான் அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. வீட்டிலும் யோசிக்கவில்லை. என் மகளின் கைக்குத் திறக்காத கதவை நானே ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்திருக்கிறேன்.

"ஏங்க்கா, இப்படித் தெறந்து போட்டிருக்கீங்களே, உங்களுக்குக் குளிரலையா?" வேறென்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டேன்.

"குளிருதுதான், என்னா பண்றது? வெளக்கு வெக்கற நேரத்துல கதவ மூடலாமா? மூணு மாசம் இப்பிடித்தான் இருக்கும். பக்கத்துல ஆளு இருந்தா தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டையைப் பிதுக்கினாள். அதில் பெருமையும் இல்லை, என்னைக் குத்துகிற எண்ணமும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ரப்பர் வைத்து அடைக்கத் தெரியும், டேப் ஒட்டத் தெரியும். இவள் செய்திருந்த காரியத்துக்கு என் கையில் சாமான் இல்லை. முன்பு எரிந்ததைவிட இப்போதுதான் அதிகமாக எரிந்தது.

"வாசல்ல நிக்காதம்மா, காத்து வருது" என்றாள் மகள். "உள்ள வா. இல்லாட்டி திரைய விட்டுரு."

பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த நினைப்போடுதான் படி ஏறினேன். ஆனால் என் கையிலிருந்து திரை நழுவிவிட்டது, நான் உள்பக்கமாக நின்றிருந்தேன். அந்த அம்மாள் கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மகளுக்கு இந்தப் பக்கமாக உட்கார்ந்தேன்.

கம்பளி மூன்று பேருக்குப் பற்றவில்லை. என் ஒரு கால் வெளியே நின்றது. மகள் அதைப் பார்த்துவிட்டு எனக்காக நகர்ந்தாள். அந்த அம்மாள் பக்கமாக நகர்ந்து, அவள் தோளில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "இப்ப உனக்கு எடம் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

இருக்கு என்றேன்.