சவுரிராயன் ஊற்றிய இரண்டு டின் பெட்ரோல்

விழுப்புரத்தில் டாக்டர் பாண்டுரங்கனிடம் நான் கம்பவுண்டர். சவுரிராயன் டிரைவர். அவனைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது என்பாள் அவன் மனைவி பூமாலை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் எழுதத்தான் போகிறேன்.

ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. பதினாறு வயதில் திண்டிவனத்துக்கு வந்து ஒரு பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தான். சக்கரம் கழற்றி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் சுமந்து, ஆறு வருஷத்தில் லைசென்ஸ் வாங்கினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் டாக்டரிடம் வந்து சேர்ந்தான். வண்டியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான். அவன் மேல் பழி போட்டால் மட்டும் வாயே திறக்க மாட்டான். அப்படி ஒரு பாழாய்ப்போன குணம்.

நாற்பத்து மூன்றில் யுத்தம் காரணமாகப் பெட்ரோலுக்குக் கூப்பன். டாக்டர் என்பதால் இவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. ஊரில் டிரைவர் என்றாலே பெட்ரோல் திருடன் என்று பேச்சு. டாக்டரோ முன் சீட்டில் உட்கார்ந்து பெட்ரோல் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு வருகிற மனிதர். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டினால் காய்ச்சல் நூற்றிரண்டுதான். மீட்டர் பாதி காட்டினால் டேங்கில் பாதிதான். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு நாள் சவுரி கூப்பனைக் கொடுத்து ஆறு காலன் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தான். முள் பாதியைத் தாண்டவில்லை. அடுத்த முறை பாதிக்கே வரவில்லை. டாக்டர் கேட்டார். சவுரி வைத்திருந்த அளவுகோலை டேங்கில் விட்டு எடுத்துக் காட்டினான். கோலில் கோடு கிழித்தவனே அவன்தானே என்றார் டாக்டர். அவன் கோலைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் செய்ததுதான் பெரிய கூத்து. பூமாலை நிலக்கடலை பிடுங்கப் போய்க் கூலியாகக் கொண்டுவந்த மல்லாட்டை ஒரு மூட்டை வீட்டில் இருந்தது. வருஷத்துக்கு எண்ணெய்க்கு அதுதான். அதில் பாதியை ஒரு லாரிக்காரனிடம் கொடுத்து, கூப்பன் இல்லாமல் இரண்டு டின் பெட்ரோல் வாங்கி, யாருக்கும் தெரியாமல் டாக்டர் வண்டியில் ஊற்றினான். முள் ஏறினால் பேச்சு அடங்கிவிடும் என்று கணக்கு. முள் லேசாக ஆடியதோடு சரி. திருடாதவன் திருட்டுத்தனமாகப் பெட்ரோல் ஊற்றிய கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை பூமாலைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். கோணிக்கடியில் ஒரு பெட்ரோல் டின் துருத்திக்கொண்டிருந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. இது ஏதுடா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக ஒரு பெருமை வேறு.

மறுநாள் டாக்டர் அவனைக் கூப்பிட்டார்.

"உன் வீட்ல பெட்ரோல் டின் எதுக்கு?"

 கூப்பன் இல்லாமல் வாங்கினேன் என்றால் அதற்கும் ஜெயில். தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"வியாழக்கிழமை திண்டிவனம் போய்ட்டு வந்ததும் சாவியை வச்சிட்டுப் போயிடு. போலீசுக்குச் சொல்லல, அந்த மட்டுக்கும் சந்தோஷப்படு."

திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் இந்த ஜில்லாவில் எவன் அவனை ஸ்டியரிங் தொட விடுவான்? மறுபடி கூலி வேலைதான். அவனுக்கும் அது தெரியும்.

வியாழக்கிழமை மூன்று பேரும் புறப்பட்டோம். திண்டிவனத்தில் பிரசவக் கேஸ் ஒன்று காத்திருந்தது. விக்கிரவாண்டி தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. முள் மளமளவென்று இறங்கிக் காலி என்ற இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"நிறுத்து! நடுரோட்ல நிக்கப் போறோம்" என்று கத்தினார் டாக்டர்.

"நிக்காதுங்க. முள்ளு பொய் சொல்லுது. பெட்ரோல் இருக்குதுங்க."

"அந்தப் பொண்ணு உயிருக்கு நீ பொறுப்பா?"

"பொறுப்புங்க."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் தனக்காகப் பேசினான். காலி என்று மீட்டர் சொன்ன வண்டி கூட்டேரிப்பட்டைத் தாண்டித் திண்டிவனம் வரை ஒரு தும்மல் கூடப் போடாமல் ஓடியது. பின் சீட்டிலிருந்து எட்டி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. கையைக் கழுவியதும் டாக்டர், "மெக்கானிக் ஷெட்டுக்கு விடு" என்றார்.

மெக்கானிக் சின்னதுரை பீடி பிடித்தவர்களை முதலில் வெளியே துரத்தினான். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பின்பக்கப் பலகையைத் தூக்கி, டேங்கின் மேல் இருந்த வட்டத் தகட்டில் ஆறு திருகையும் எடுத்தான். தகட்டோடு ஒரு கம்பி மேலே வந்தது. கம்பி நுனியில் முட்டை அளவுக்குப் பித்தளைக் குண்டு. பெட்ரோல் ஏற ஏற அதுவும் மிதந்து ஏற வேண்டும். அதைப் பார்த்துத்தான் முள் ஏறும். சின்னதுரை தேங்காயை ஆட்டிப் பார்ப்பது போலக் காதருகே வைத்து ஆட்டினான். களக் களக் என்றது.

"ஓட்டை உழுந்து உள்ளாற பெட்ரோல் பூந்துகினு இருக்குதுங்க. இது எங்க மிதக்கும்? முங்கிதான் கெடக்கும்."

டாக்டர் அதை வாங்கித் தானும் ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். அப்புறம் குனிந்து டேங்கின் வாயைப் பார்த்தார். முக்கால் டேங்குக்கு மேல் பெட்ரோல் பளபளத்தது.

"நான் கொடுத்த கூப்பனுக்கு இவ்வளவு வராதே. இது எங்கேருந்து வந்துது?"

சவுரி என்னைப் பார்த்தான், சின்னதுரையைப் பார்த்தான்.

"நான்தாங்க ஊத்தினேன். ரெண்டு டின்னு. பூமாலையோட மல்லாட்டையக் குடுத்து வாங்கினேன். முள்ளு ஏறினா போதும்னு நெனச்சேன்ங்க. ஏறல."

டாக்டர் அங்கே கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "தப்பு என்னோடதுடா சவுரி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்றை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வண்டி வேணும். மல்லாட்டை ஒரு மூட்டையா உன் வீட்டுக்கு வந்துடும்."

சவுரி சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். தோள் குலுங்கியது. சின்னதுரை நல்லவன், வேலை இருப்பதுபோல எழுந்து போனான். ஷெட்டின் பின்னால் கிடந்த, மோதி நசுங்கிய அதே மாதிரி வண்டியிலிருந்து குண்டும் கம்பியுமாக ஒன்றைக் கழற்றி வந்தான். டேங்கின் வாயை ஈரத்துணியால் அடைத்து, ஒயரை மாட்டி, கம்பியைக் கையால் மெல்லத் தூக்கினான்.

"ஏறுதா பாரு, சவுரி!"

"ஏறுதுண்ணே! ஏறுது, ஏறுது!" வண்டிக்குள்ளிருந்து அவன் கத்தியது தெருவுக்கே கேட்டது.

தோல் வாஷர் வெட்டி வைத்துத் திருகை முடுக்கியதும் முள் முக்காலைத் தாண்டிப் போய் நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. கூடவே வெட்கமும் வந்தது. டாக்டர் பிரசவ வீட்டுக்கு மறுபடி போனபோது நாங்கள் இரண்டு பேரும் ஓட்டல் பக்கம் நடந்தோம். என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"சவுரி, டின்னைப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்ண்ணே. அன்னிக்கு மோர் கூடக் குடிக்காம எழுந்து போனீங்களே."

"ஏன்டா என்னை ஒண்ணும் கேக்கல?"

"நீங்களும் என்னை ஒண்ணும் கேக்கலியே" என்றான்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓட்டலுக்குள் நுழைந்ததும், "ஜல்தியா இட்லி சொல்லுங்கண்ணே, பசி உயிரு போவுது. பத்து நாளா சோறு எறங்கல" என்றான். எட்டு இட்லி சாப்பிட்டான். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.