துஆ என்று நான் சொன்ன காகிதம்

“இஸ்கூலு போயி இன்னாத்த கத்துக்கும் பாய் உன் பொண்ணு? கடுதாசி வந்தா படிச்சுக் காட்டும், அவ்ளோதான?”

வாப்பா வேலை செய்யும் தோல் ஷாப்பு மேஸ்திரி ஒருநாள் எங்கள் வாசலில் நின்று இப்படிக் கேட்டார். உள்ளே இருந்த எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டாம் வகுப்புத் தேறியவள். தமிழோடு இங்கிலீஷும் எழுதுவேன். கடிதம் படிப்பதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?

அவர் அப்படிக் கேட்ட சில மாதங்களில்தான் இது நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், ஆம்பூரில்.

நாங்கள் ஆம்பூர்க்காரர்கள் அல்ல. பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகும் குடும்பம். வாப்பாவின் அக்காளை அவர் லாத்தா என்பார், எனக்கு மாமி. மாமியின் கணவரும் வாப்பாவும் ஒரே தோணியில் போனவர்கள். உம்மா இறந்தபின் வாப்பாவுக்குக் கடல் வேண்டாமென்று ஆகிவிட்டது. ஆம்பூருக்குத் தோல் வேலைக்குப் போகிறேன் என்றார். மாமா பள்ளிவாசல் முன்னால் நாலு பேர் கேட்க, “கடலை உட்டுட்டு செத்த மாட்டுத் தோலக் கழுவப் போறியா? இனிமே என் வாசப்படி ஏறாதே” என்று சொல்லிவிட்டார். வாப்பாவும் பதிலுக்கு ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன என்று என்னிடம் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் இருவருக்கும் பேச்சில்லை.

எங்கள் கரையில் தோணி ஏறுமுன் ஆண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, “பொருந்திக்குங்க” என்பார்கள். நான் செய்த பிழையை மன்னித்துவிடுங்கள் என்று பொருள். திரும்பி வருவது அல்லாஹ்வின் கையில் அல்லவா? யாருடைய வருத்தத்தையும் சுமந்துகொண்டு கடலேற மாட்டார்கள்.

மாமி மட்டும் எங்களை விடவில்லை. ஆம்பூர்ச் சந்தைக்கு வரும் கருவாட்டு வியாபாரியிடம் வாளைக் கருவாடு கொடுத்தனுப்புவார். சில சமயம் துஆ, அதாவது பிரார்த்தனை, எழுதிய காகிதமும் வரும். என் பரீட்சைக்குக்கூட ஒன்று வந்தது. அதைத் தாயத்தில் அடைத்துக் கட்டிக்கொண்டுதான் பரீட்சை எழுதினேன்.

அன்றும் சந்தை நாள். வாப்பா கருவாட்டுப் பொட்டலத்தோடு நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். பிரித்தேன். அரபு எழுத்து. முதல் வரி பிஸ்மில்லாஹ். சிறுமியாக இருந்தபோது எங்கள் தெரு உஸ்தாது பீயிடம் குர்ஆன் ஓதக் கற்றவள் நான். பள்ளிக்கூடம் ருசித்ததும், அர்த்தம் தெரியாமல் ஓதுவதும் ஒரு படிப்பா என்று பாதியில் நின்றுவிட்டேன். இப்போதும் முதல் வரியோடு நிறுத்திவிட்டேன்.

“என்னம்மா எழுதியிருக்கா லாத்தா?”

“துஆ, வாப்பா. கடுதாசி இல்ல.”

“எதுக்கும் உஸ்தாது பீகிட்ட ஒரு வாட்டி காட்டிட்டு வாயேன்.”

“எனக்குத் தெரியாதா? எட்டாவது படிச்சது நானா, அவங்களா?”

வாப்பா சிரித்துவிட்டார். “சரிம்மா, பெரிய படிப்பாளி!”

அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. காகிதத்தை முத்தமிட்டு, பச்சைத் துணியில் சுற்றி, குர்ஆன் இருக்கும் மாடத்தில் வைத்தார். தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, வேலைக்குப் போகுமுன், சுண்ணாம்புக் குழியில் வெந்த கைகளால் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்.

அடுத்த சந்தையன்று அந்த வியாபாரி நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். போன தடவை அவருக்கே விஷயம் தெரியாதாம். “என்ன பாய், இன்னும் இங்கயே இருக்கீங்க? உங்க மச்சான் படுத்த படுக்கையாக் கிடந்து உங்களயே கேக்குறாரு. உங்க அக்கா எழுதிக் குடுத்தாங்களே!”

மாடத்திலிருந்து காகிதத்தை எடுத்தேன். எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். இரண்டாம் வரியில் என் வாயிலிருந்து தமிழ் வந்தது. மாமி பேசுகிற அதே தமிழ்.

“தம்பிக்கு லாத்தா எழுதுறது. உன் மச்சானுக்கு ரொம்ப முடியல. உன்னோட பொருந்திக்காம உசிரு போயிடக்கூடாதுன்னு அழுவுறாங்க. காகிதம் கண்டதும் வா.”

எங்கள் கரைப் பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மாமிக்கு எழுதத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. துஆக் காகிதமெல்லாம் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்றிருந்தேன்.

“லாத்தாவுக்கு எழுத வரும்மா. நீ துஆன்னு சொன்னியா, அதான்...” என்று வாப்பா பாதியில் நிறுத்தினார்.

அன்றே ரயிலேறினோம். காட்பாடியில் ஒரு வண்டி, விழுப்புரத்தில் ஒரு வண்டி மாறினோம். போய்ச் சேர்ந்தபோது மாமாவை அடக்கம் செய்து இரண்டு நாளாகியிருந்தது.

கணவனை இழந்த பெண் வெளியே வராமல் இத்தா இருக்கும் உள் அறையில் மாமி வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். “கண்ண மூடுற வரைக்கும் வாசலயே பாத்துக்கிட்டுக் கிடந்தாரேடா தம்பி! அவ்ளோ வைராக்கியமா உனக்கு?”

வாப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். “ஷாப்புல லீவு குடுக்கல லாத்தா.”

“பொய் சொல்லாதே” என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சற்று முன்புதான் உறவுக்காரப் பெண் ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டு, “நம்ம வூட்டுலயும் ஒரு படிச்ச புள்ள!” என்று எல்லாரிடமும் காட்டியிருந்தாள். அந்தப் பெயரை இழக்க எனக்கு மனம் வரவில்லை. வாய் மூடியே நின்றேன். வாப்பா கல்நெஞ்சக்காரர் என்று ஊர் பேசியது. அவர் மாமாவை அடக்கிய கபரடியில் வெகுநேரம் கையேந்தி நின்றுவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு திரும்பினார். இன்றுவரை அதைப்பற்றி என்னை ஒரு சொல் கேட்டதில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

ஆம்பூர் வந்ததும் உஸ்தாது பீயிடம் போய், ஏழு வயதுச் சிறுமிகளோடு பாயில் உட்கார்ந்தேன். அரபு எழுத்தில் தமிழ் எழுதப் பழக ஆறு மாதம் ஆயிற்று. தைரியம் வர அதைவிட அதிக நாளாயிற்று. இப்போது நானே ஒரு பள்ளியில் சிறுமிகளுக்குப் பாடம் சொல்கிறேன். யாராவது என்னைப் படித்தவள் என்று சொன்னால், பச்சைத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்கும் வாப்பாதான் நினைவுக்கு வருகிறார். உங்கள் தம்பி வைராக்கியத்தால் வராமல் இருக்கவில்லை, குற்றம் முழுதும் என்னுடையது என்று மாமிக்கு அவர் எழுத்திலேயே எழுதினேன். மூன்று தடவை கிழித்துப் போட்டபின், நேற்றுச் சந்தையில் அந்தக் கடிதத்தை வியாபாரியின் கையில் கொடுத்துவிட்டேன்.